இரண்டாவது ரிங்

டாக்ஸிக்காரர்கள் ஸ்டிரைக் செய்வார்கள் என்று யாராவது முந்தின வாரம் என்னிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். இந்த நாட்டில் அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்லவே ஆட்கள் நாலு பக்கமும் பார்ப்பார்கள். ஆனால் செய்தார்கள். அதுவும் என் மகள் சம்யுக்தாவுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை இருந்த வியாழக்கிழமையாகப் பார்த்துச் செய்தார்கள்.

முந்தின நாள் சாயங்காலம் முகம்மது யூசுப் போன் செய்தான். பரீட்சை நாட்களில் அஜ்மானிலிருந்து துபாய்க்கு எங்களை ஏற்றிப்போக ஒப்புக்கொண்டிருந்த பெஷாவர்க்காரன். நாளைக்கு வண்டி எடுக்க முடியாது, எடுத்தால் எங்கள் ஆட்களே டயரைக் கிழித்துவிடுவார்கள் பாபி என்று, அண்ணி முறை வைத்து, இந்தியில் கெஞ்சினான். அவர்களைக் கம்பெனி என்ன பாடுபடுத்தியதோ எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளும் பொறுமையும் அன்று இல்லை. நன்றாகத் திட்டிவிட்டு வைத்தேன்.

என் வீட்டுக்காரர் வாசு சவூதியில், அல் கோபாரில் ஆயில் கம்பெனி ஒன்றில் இருக்கிறார். அவரிடம் புலம்பினால், கொஞ்சம் சீக்கிரமாகவே கிளம்புங்களேன் சுசீலா என்று யோசனை சொன்னார். எதில் கிளம்புவது, ஒட்டகத்திலா என்று கேட்டேன்.

பரீட்சை துபாய் கிஸைஸில் வேறொரு பள்ளிக்கூடத்தில். இந்தியாவில் கேட்டை மூடுகிற அதே நேரத்துக்கு இங்கேயும் மூடுவார்கள். மூடின பிறகு போய் நின்று ஒப்பாரி வைத்தாலும் திறக்க மாட்டார்கள். ஒரு வருஷம் போச்சு. ராத்திரி முழுக்க எனக்கு அதே நினைப்புதான்.

விடிந்து பார்த்தால் பனி. மார்ச் மாதத்தில் இங்கே சில நாள் அப்படி இறங்கும். எதிர் பில்டிங்கே காணவில்லை. மினி பஸ் நிற்கும் ரவுண்டானாவுக்கு நடந்தோம். வழக்கமாக நாலு டாக்ஸியாவது ஹாரன் அடித்துத் தொல்லை செய்யும் ரோடு, அன்று வெறிச்சோடிக் கிடந்தது. ரவுண்டானாவில் மட்டும் கூட்டம். ஆட்கள் நிற்பது தெரிகிறது, முகம் தெரியவில்லை. பேச்சும் இல்லை. பனிக்குள்ளிருந்து ஒரு மினி பஸ் வரும், கூட்டம் மொத்தமும் அதன் மேல் பாயும், கதவு சாத்தாமலேயே அது போய்விடும். மறுபடி எல்லாரும் அசையாமல் நிற்பார்கள். இரண்டு பஸ்ஸில் நானும் முட்டிமோதிப் பார்த்தேன். இரண்டாவதில் என் செருப்பு அறுந்ததுதான் மிச்சம். சம்யுக்தா ஹால் டிக்கெட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை எனக்கு.

அப்போதுதான் அந்த வெள்ளை நிஸான் சன்னி கார் எங்கள் முன்னால் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. ஸ்டியரிங்கில் ஒரு பெண், முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும், தலைக்குக் குளித்து ஈரத்தோடு பின்னியிருந்தாள். எங்கே போகணும் என்று தமிழிலேயே கேட்டாள். எப்படித் தெரிந்ததோ. நான் ரோட்டைத் தமிழில் திட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டிருப்பாள்.

கிஸைஸ் என்றதும் கதவைத் திறந்தாள். சொந்தக் காரில் ஆபீஸ் போகிறவர்கள் போகிற வழியில் நாலு பேரை மாத வாடிக்கையாக ஏற்றிக்கொள்வது அப்போது அஜ்மானில் சகஜம். கார் லிஃப்ட் என்போம். போலீஸ் பிடித்தால் அபராதம்தான், இருந்தாலும் ஓடும். நான் முன் கதவில் கை வைத்தேன்.

“அக்கா, பின்னாடி ஏறுங்க. முன் சீட்டு பாலகுரு அண்ணனுக்குள்ளது” என்றாள்.

கார் லிஃப்டில் ஆளுக்கு ஒரு சீட்டு உண்டு, அதுவும் ஆண்பிள்ளை முன்னால்தான் உட்காருவான். சரி என்று பின்னால் ஏறினோம். பெயர் உமாராணியாம், தூத்துக்குடிப் பக்கம், துபாயில் ஒரு கிளினிக்கில் ரிசப்ஷன் வேலை. வழியில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போய்விடலாம், நேரம் இருக்கிறது என்றாள். கடவுளே வந்தது மாதிரி இருந்தது எனக்கு.

இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய பில்டிங் முன்னால் நிறுத்தினாள். போனை எடுத்து ஒரு ரிங் கொடுத்து வைத்தாள். எங்கள் எல்லாருக்கும் தெரிந்த மிஸ்டு கால் பாஷை அது. ஒரு ரிங் என்றால் வண்டி வந்தாச்சு, இறங்கி வா. இரண்டு ரிங் என்றால் இன்றைக்கு வரவில்லை, என்னை எதிர்பார்க்காதே. யாரும் எடுக்க மாட்டார்கள், யாருக்கும் காசு போகாது.

நாங்கள் காத்திருந்தோம். பில்டிங் வாசலிலிருந்து யாரும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உமாராணி பின்பக்கம் கையை எட்டி, எனக்கு அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்தாள். பனிதான் உள்ளே வந்தது. மறுபடி சாத்தினாள்.

“நீலா, இன்னிக்கு ரெண்டு பேரு கூட வாராங்க. சின்னப்பிள்ளைக்குப் பரீட்சை. அக்கா, நீங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்க.”

நான் சம்யுக்தாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். ஏதோ ஹெட்போன் போட்டு யாரிடமோ பேசுகிறாள் போல என்று காதைப் பார்த்தேன். காதில் ஒரு கல் கம்மல் மட்டும்தான் இருந்தது.

அடுத்த நிறுத்தம் ஒரு பக்காலா, அதாவது மளிகைக் கடை, வாசல். ஒரு ரிங், காத்திருப்பு, கதவு திறந்து மூடல். நாகஜோதி என்ற ஒருத்தி ஏறிவிட்டாளாம். மூன்றாவது இடத்தில் முன் கதவு திறந்து மூடியது. பாலகுரு அண்ணனாம். அவருக்கு பெல்ட் கூட எடுத்து மாட்டிவிட்டாள் அந்தப் பெண். காலி சீட்டின் மேல் பெல்ட் குறுக்காக நின்றது.

எனக்குப் பயத்தை விட எரிச்சல் பெரிதாக இருந்தது, நான் அப்படித்தான். நேரம் போய்க்கொண்டிருக்கிறது, இவளானால் ஊரில் உள்ள காலி வாசலுக்கெல்லாம் கதவு திறந்துகொண்டிருக்கிறாள். வாயைத் திறந்துவிட்டேன். யாரும் ஏறவில்லை, இங்கே யாரும் இல்லை, தயவுசெய்து வண்டியை எடுங்கள் என்று கத்தினேன்.

உமாராணி கோபப்படவில்லை. வண்டியை ஓரம் கட்டினாள். கண்ணாடியில் என்னைப் பார்த்து, இடமில்லை என்று நினைத்தால் இங்கேயே இறங்கிக்கொள்ளுங்கள், வாடிக்கை ஆட்களை என்னால் இறக்கிவிட முடியாது என்று மெதுவாகச் சொன்னாள். வெளியே ரோடு முழுக்க பனி. டாக்ஸி இல்லை, பஸ் இல்லை.

“அம்மா, தள்ளி உக்காரும்மா. ப்ளீஸ்” என்றாள் சம்யுக்தா. அவள் ஏற்கெனவே கதவோடு ஒட்டிக்கொண்டிருந்தாள்.

தள்ளி உட்கார்ந்தேன். முக்கால்வாசி சீட்டு காலியாகக் கிடக்க, தாயும் மகளும் ஒரு மூலையில் ஒருவர் மடியில் ஒருவர் பாதி ஏறி உட்கார்ந்துகொண்டு போனோம். ஷார்ஜா எல்லையில் போலீஸ் வண்டி ஒன்று நின்றது. ஆள் அதிகம், பார்த்தால் ஃபைன் போடுவான், சின்னப்பிள்ளையைக் குனியச் சொல்லுங்கள் என்றாள் உமாராணி. என் பெண் குனிந்தாள். நானும் அவள் தலை மேல் துப்பட்டாவைப் போட்டு மறைத்தேன். போலீஸ்காரன் எங்கள் காருக்குள் பார்த்தான். அவன் கண் முன் சீட்டிலிருந்து பின்னால் ஒவ்வொரு இடமாக நின்று நின்று வந்ததை நான் பார்த்தேன். காலி சீட்டை அப்படிப் பார்க்க மாட்டார்கள். பிறகு போ என்று கை காட்டினான்.

அதற்குப் பிறகுதான் என் இடது தொடையில் ஏதோ படுவது உறைத்தது. யாரோ இடித்துக்கொண்டு உட்கார்ந்தால் இருக்கும் அழுத்தம். சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. கூடவே டப்பாவில் அடைத்த எலுமிச்சை சாதத்தின் வாசம் வந்தது. எங்களிடம் சாப்பாடு எதுவும் இல்லை. திரும்பிப் பார்க்க எனக்கு தைரியம் வரவில்லை.

ஷார்ஜாவுக்குள் நுழைந்ததும் ரோடு அடைத்துக்கொண்டது. டாக்ஸி ஓடாததால் கார் வைத்திருந்த அத்தனை பேரும் அன்று இறங்கியிருந்தார்கள். வண்டிகள் ஊர்ந்தன. நான் வாட்சைப் பார்த்துவிட்டு, கிஸைஸுக்கு நேராகப் போய்விடலாமா என்று கேட்டேன். முடியாதாம். நீலாவை ரோலாவில் ஜவுளிக்கடையில் இறக்க வேண்டும், பிறகு நாகஜோதி, பிறகு அண்ணன், அதற்கப்புறம்தான் நாங்கள். அதுதான் வரிசை. அந்த வரிசையில் போனால் கேட் மூடியிருக்கும் என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. தினமும் வாதாடுகிற வாய், அன்று பிச்சை கேட்டது.

“எங்கிட்ட கேட்டா எப்படிக்கா? அவங்ககிட்ட கேளுங்க. அவங்க சரின்னா போவோம்.”

நான் ஒரு பட்டதாரி. ஷிப்பிங் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவள். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். அப்படிப்பட்ட நான் அன்று இடதுபக்கம் திரும்பி, காலி சீட்டைப் பார்த்துக் கைகூப்பினேன். என் பெண்ணுக்கு இன்றைக்குக் கணக்குப் பரீட்சை, நீங்கள் எங்களுக்கு அப்புறம் இறங்கிக்கொண்டால் உங்களுக்குப் புண்ணியமாகப் போகும் என்றேன். சொல்லும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

உமாராணி கண்ணாடியில் பின் சீட்டைக் கவனித்தாள். நாகஜோதி சரி என்கிறாள், அண்ணனும் தலையாட்டிவிட்டார், நீலா மட்டும் முணுமுணுக்கிறாள், கடையில் கார்டு பஞ்ச் பண்ண வேண்டுமாம் என்றாள். எனக்கு அழுவதா, அந்த நீலாவை நாலு வார்த்தை கேட்பதா என்று தெரியவில்லை.

“நீலா ஆன்ட்டி, ஒரே ஒரு நாள்” என்றாள் சம்யுக்தா, என் மடியிலிருந்து எட்டிப் பார்த்து.

கண்ணாடியில் நீலாவின் பக்கம் பார்த்து உமாராணி சிரித்தாள். இண்டிகேட்டர் போட்டு, கிஸைஸ் பக்கம் வண்டியைத் திருப்பினாள்.

கேட்டின் ஒரு கதவு சாத்தியிருந்தது. வாட்ச்மேன் மாயாண்டி, ராமநாதபுரத்துக்காரர், இன்னொரு கதவைப் பிடித்தபடி வா வா என்று கையாட்டினார். சம்யுக்தா ஓடினாள். அவள் உள்ளே போனதும் கேட் மூடியது. நான் அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பினால் உமாராணி காரில் காத்திருக்கிறாள். ஏறுங்கள், உங்களையும் ஆபீசில் விட்டுவிடுகிறேன் என்றாள். லீவு போட்டிருக்கிறேன் என்று சொல்லித் தப்பித்தேன். வியாழக்கிழமை எல்லாருக்கும் அரை நாள்தான், இவர்களைக் கூட்டிக்கொண்டு மத்தியானம் இங்கே வந்து நிற்கிறேன் என்று தன் நம்பரைக் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டேன்.

“வாரதா இருந்தா ஒரு ரிங் குடுங்க. வரலைன்னா ரெண்டு. மறந்துராதீங்கக்கா. ஒண்ணோட நிறுத்திராதீங்க.”

ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். போன வருஷம் இதே மாதிரிப் பனி நாளில் அவளுக்குக் கடுமையான காய்ச்சல். படுக்கையில் இருந்தபடியே மூன்று பேருக்கும் ஒரு ரிங் கொடுத்திருக்கிறாள். இரண்டாவது ரிங் கொடுப்பதற்குள் கண் சொருகிவிட்டது. வண்டி வந்துவிட்டது என்று அவர்கள் இறங்கி வந்து ரோட்டில் நின்றிருக்கிறார்கள். ரொம்ப நேரம் நின்றுவிட்டு, லேட்டாகிவிட்டதே என்று மூவரும் சேர்ந்து ஒரு டாக்ஸி பிடித்து, வேகமாகப் போகச் சொல்லியிருக்கிறார்கள். ஹைவேயில் பனிக்குள் ஒரு டிரெய்லர் நின்றிருந்தது. டாக்ஸியில் ஒருவரும் மிஞ்சவில்லை. அன்றிலிருந்து நான் ஒரு நாளும் லீவு போட்டதில்லை அக்கா, வார லீவான வெள்ளிக்கிழமை கூடப் போய்க் கூப்பிடுவேன் என்று சொல்லிவிட்டு, நீலாவுக்கு நேரமாச்சு என்று கிளம்பினாள்.

பரீட்சை முடிகிற நேரத்துக்கு நான் ஒரு தீர்மானத்துக்கு வந்திருந்தேன். செத்தாலும் அந்தக் காரில் ஏறக்கூடாது. சம்யுக்தாவின் சிநேகிதியின் அப்பா ரகுநாதன், ஷார்ஜா வரை எங்களைக் கொண்டுவிடுவதாகச் சொன்னார். கார் பின்பக்கம் நிற்கிறது, பின் கேட் வழியாக வாருங்கள் என்றார். நான் உமாராணிக்கு போன் போட்டேன். ஒரு ரிங் போனது, வைத்தேன். இரண்டாவதற்கு அழுத்தினால் லைன் கிடைக்கவில்லை. டாக்ஸி இல்லாத ஊரில் எல்லாரும் எல்லாரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மறுபடி அழுத்தினேன், கிடைக்கவில்லை. மூன்றாம் தடவை அழுத்தும்போது என் போனில் சார்ஜ் தீர்ந்து அணைந்தது. ரகுநாதன் ஹாரன் அடித்தார். ஏறிவிட்டோம்.

இரண்டு கொடுத்தாயா அம்மா என்று வழியில் சம்யுக்தா கேட்டாள். கொடுத்தாயிற்று என்றேன். ஷார்ஜாவில் இறங்கி மினி பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து சார்ஜ் போட்டபோது வெயில் தாழ்ந்திருந்தது. இவ்வளவு நேரமா நிற்கப் போகிறாள், போயிருப்பாள் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

வெள்ளி, சனியில் ஸ்டிரைக் பிசுபிசுத்துப் போனது. திங்கட்கிழமை அடுத்த பரீட்சைக்கு யூசுப் வந்தான். முகம் வாடியிருந்தது, நானும் ஒன்றும் கேட்கவில்லை. பனி இல்லை, ரோடு பளிச்சென்று இருந்தது, நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம். சம்யுக்தாவை உள்ளே அனுப்பிவிட்டுத் திரும்பினேன்.

கேட்டுக்கு எதிரே அந்த வெள்ளை சன்னி நின்றது. மேலெல்லாம் மணல் படிந்து மஞ்சளாகியிருந்தது. வைப்பரில் அபராதச் சீட்டுகள் ஒன்றன் மேல் ஒன்றாகச் செருகியிருந்தன. அந்தம்மா வியாழக்கிழமையிலிருந்து போகவே இல்லைங்க, கேட்டால் ஆள் வரணும் என்கிறார், நான்தான் தண்ணியும் பிஸ்கட்டும் கொடுத்தேன் என்றார் மாயாண்டி. நான் ரோட்டைக் கடந்து காரிடம் போனேன்.

கண்ணாடி இறங்கியது. உமாராணியின் உதடு வெடித்திருந்தது. அன்றைக்குப் பின்னிய அதே பின்னல், சிக்குப் பிடித்துக் கிடந்தது.

“வந்துட்டீங்களா? எல்லாரும் கோவப்பட்டாங்க. நாந்தான் சொன்னேன், ஒரு ரிங் குடுத்துருக்காங்க, வருவாங்கன்னு.”

அவள் குரலில் என்மேல் ஒரு குறையும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஸ்டிரைக் முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போங்கள் என்றேன். எல்லாரும் ஏறினால்தான் வண்டி எடுக்க முடியும் என்றாள். பின் கதவு திறந்தது. அவள் கை ஸ்டியரிங்கில்தான் இருந்தது.

யூசுப் வேண்டாம் பாபி என்றான். நான் ஏறினேன். உள்ளே புழுங்கி, எலுமிச்சை சாதம் ஊசிப்போன வாடை அடித்தது. கதவோரம் எனக்கு மட்டும் கொஞ்சம் இடம் விட்டிருந்தது. எவ்வளவு நெருக்கி உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது எனக்கு உடம்பில் தெரிந்தது. நாலு நாளாக, வெயிலில், என் ஒரு ரிங்குக்காக. தப்பு என்னுடையது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். யாரிடம் சொன்னேன் என்று கேட்டால், எல்லாரிடமும்தான்.

பிறகு உமாராணியின் தோளைத் தொட்டேன். காய்ச்சல் அனலாய்க் கொதித்தது.

“உமா, அன்னிக்குக் குடுக்காம விட்டீங்களே, அந்த ரெண்டாவது ரிங்கு. அதை இப்பக் குடுத்துருங்க.”

அவள் போனை எடுத்து, பேரைத் தேடி, அழுத்தினாள். என் இடுப்புக்குப் பக்கத்தில், காலி சீட்டில், ஒரு போன் அடித்தது. ஒரே ஒரு ரிங். அவள் வைத்தாள், அது நின்றது. மறுபடி அழுத்தினாள். இந்தத் தடவை அந்தக் கதவோரத்தில் அடித்தது. மூன்றாவது முன் சீட்டில். அது நின்றதும் பாலகுரு அண்ணனின் பெல்ட் தளர்ந்து, சரசரவென்று உள்ளே போய்ச் சுருண்டுகொண்டது. என் தொடையை இடித்துக்கொண்டிருந்த பாரம் இல்லை. அவ்வளவு பெரிய சீட்டில் நான் மட்டும் ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

உமாராணி என் பக்கம் திரும்பி, நீங்களும் குடுக்கணும்லாக்கா என்றாள். ஆமாம். நானும் ஒன்று பாக்கி வைத்திருந்தேன். என் போனை எடுத்து அவள் நம்பரை அழுத்தினேன். அவள் கையில் அது ஒருமுறை அடித்து நின்றது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள்.

“இறங்குங்கக்கா. நான் வீட்டுக்குப் போயி தூங்கணும்” என்றாள்.

தனியாக ஓட்டக் கூடாது என்று நான் பிடித்த பிடியில், யூசுப் தன் டாக்ஸியைப் பூட்டிவிட்டு அந்தக் காரை ஓட்ட ஒத்துக்கொண்டான். அவளைப் பின் சீட்டில் படுக்க வைத்தோம். காலை நீட்டிப் படுக்க அங்கே தாராளமாக இடம் இருந்தது.

மறுநாள் விடிகாலையில் மறுபடி பனி. சமையலறையில் நான் பால் வைத்துக்கொண்டிருந்தபோது மேசையில் போன் ஒரு ரிங் அடித்து நின்றது. உமாராணி நம்பர். ஒரு ரிங் என்றால் வண்டி கீழே வந்துவிட்டது என்று அர்த்தம். அடுப்பை அணைத்தேன், ஜன்னலுக்குப் போகாமல் போனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

போன் மறுபடி அடித்தது. ஒரு ரிங், நின்றது.

இரண்டு. இன்றைக்கு அவள் வரமாட்டாள்.